தறித்துணியால் வீட்டை அலங்கரிப்பது: ஜமக்காளம், கண்டாங்கி, கட்டம், பழைய பட்டு

கேள்வி இது: இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. அச்சடித்த பாலியெஸ்டர் திரைகளையும் சோபா உறைகளையும் மாற்றிவிட்டு, பவானி ஜமக்காளம், செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை, மெட்ராஸ் கட்டத் துணி, பீரோவில் மடித்துக் கிடக்கும் பழைய காஞ்சிபுரம் பட்டு ஆகியவற்றைப் போட வேண்டும். எதை எங்கே போடுவது, எவ்வளவு துணி எடுப்பது, எதில் ஏமாறுவோம்?

நெசவிலிருந்து தொடங்குகிறேன். நிறம் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு துணிக்கு இடம் ஒதுக்கினால் பெரும்பாலும் அது தவறான இடத்தில்தான் போய் முடியும். அச்சடித்த துணியில் வடிவம் மேலே பதித்தது. அதே பூவை மெல்லிய துணியிலும் பதிக்கலாம், முரட்டுத் துணியிலும் பதிக்கலாம். தறித்துணியில் அப்படி இல்லை. பாவுக்கும் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடைக்கும் (குறுக்கே ஓடும் நூல்) தறியில் ஏறும் முன்பே சாயம் ஏற்றியிருப்பார்கள். எந்த நூல் மேலே வருகிறது, எது அடியில் போகிறது என்பதில்தான் வடிவமே பிறக்கிறது. அதனால் துணியின் கனம், விறைப்பு, எந்தத் திசையில் நேராகத் தொங்கும், எந்தத் திசையில் தொய்யும் எல்லாம் வடிவத்தோடு சேர்ந்தே முடிவாகிவிடுகின்றன. நம்மால் மாற்ற முடிவது இடத்தை மட்டும்தான்.

நீங்கள் சொன்ன துணிகளையே எடுத்துக்கொள்வோம். ஜமக்காளத்தில் ஊடையை அவ்வளவு நெருக்கி அடித்திருப்பார்கள். பாவு கண்ணுக்கே தெரியாது. நிறம் முழுக்க ஊடையில் இருப்பதால் பட்டைகள் அகலவாக்கில் ஓடும். துணி விறைப்பாக இருக்கும், மடிப்பு விழாது. எனவே தரை, திண்ணை, சுவர் ஆகியவைதான் அதற்கு இடம், திரைக்கு ஆகாது. கண்டாங்கியிலும் மெட்ராஸ் கட்டத்திலும் பாவும் ஊடையும் ஏறக்குறைய சம பங்கு. சிவப்புப் பாவு மஞ்சள் ஊடையைக் கடக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். துணி இரு பக்கமும் ஒரே அளவு வளையும், நன்றாக மடிந்து விழும். திரைக்கும் மெத்தை உறைக்கும் இவைதான் பொருத்தம். காஞ்சிப் பட்டில் உடலைவிடக் கரையும் முந்தியும் கனம். தொங்கவிட்டால் கரைப் பக்கம் கீழே இழுக்கும், நடுவில் சுருக்கம் விழும். அதைத் தட்டையாக, ஏதாவது ஒரு தாங்கலோடுதான் வைக்க வேண்டும்.

வாங்கும்போது முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நூல் முழுக்க ஒரே நிறமாக வந்தால் நெசவு, விட்டுவிட்டு நிறம் மாறினால் அச்சு. (இக்கத்துக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அதில் நூலையே கட்டிக் கட்டிச் சாயம் போடுவதால் நெய்த துணியிலும் நூலில் நிறம் மாறும்.) கைத்தறியா, விசைத்தறியா என்பதைக் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்வது கடினம். கைத்தறி முத்திரைத் திட்டம் 2006-இல் வந்தது. அந்த முத்திரை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜமக்காளம், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 11 வகைகளுள் ஒன்று. ஆனாலும் விசைத்தறி விரிப்புகள் பவானி என்ற பெயரில் விற்கப்படுகின்றன. பவானி ஜமக்காளத்துக்கும் காஞ்சிப் பட்டுக்கும் 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, கண்டாங்கிக்கு 2019-இல் கிடைத்தது. கடையில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

முதலில் தரை. அறையில் மிகப் பெரிய வண்ணப் பரப்பு அதுதான். அதை முடிவு செய்த பிறகு மற்றவற்றை அதற்கு ஏற்றபடி அமைப்பது எளிது. அசல் பவானி வண்ணங்கள் அடங்கிப் போகிறவை அல்ல: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஊதா எல்லாம் பட்டை பட்டையாக வரும். இன்னொரு வகையில் நடு உடல் ஒரே நிறமாக இருக்கும், இரு ஓரத்திலும் செயற்கைப் பட்டு நூலில் பூவும் கொடியும் நெய்திருப்பார்கள். நடமாட்டம் உள்ள இடத்துக்கு முதல் வகையை எடுங்கள். செயற்கைப் பட்டு நூல் நனைந்தால் வலுவிழக்கும். நாற்காலிக் கால் பட்டால் மேலே மிதக்கும் இழைகள் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த வகையைச் சுவருக்கோ திவானுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு ஆறுக்கு ஒன்பது அடி ஜமக்காளம் போதும். நான்கு புறமும் குறைந்தது ஒன்றரை அடித் தரை தெரியும். சோபாவின் முன்கால்கள் மட்டும் விரிப்பின் மேல் ஏறட்டும். முழு சோபாவையும் மேலே ஏற்றினால் துவைக்க எடுப்பதே பெரிய வேலையாகி, கடைசியில் துவைக்காமலே கிடக்கும். பட்டைகள் அறையின் நீளவாக்கில் ஓடும்படி போட்டால் அறை நீண்டு தெரியும், அகலவாக்கில் ஓடினால் அகன்று தெரியும். பட்டை எப்போதும் ஜமக்காளத்தின் அகலவாக்கில்தான் ஓடும் என்பதால், அறை நீளத்துக்குப் பட்டை வேண்டுமென்றால் விரிப்பையே திருப்பிப் போட வேண்டும். அளவு அதற்கு இடம் தருகிறதா என்று வாங்கும் முன்பே பழைய செய்தித்தாளைத் தரையில் பரப்பிப் பார்த்துவிடுங்கள்.

பளபளக்கும் விட்ரிஃபைட் டைல் தரையில் ஜமக்காளம் வழுக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அடியில் ரப்பர் வலை விரிப்புப் போடுங்கள், ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே வரும்படி அதை வெட்டுங்கள். ஓரம் வரை விட்டால் ஜமக்காளத்தின் விளிம்பு தூக்கிக்கொண்டு கால் தடுக்கும். மலிவான பிவிசி வலை வேண்டாம், அது நாளடைவில் தரையில் ஒட்டிக் கறை விடும். சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீடுகளில் இந்தக் கறையை எடுக்கவே முடியாது. இரு முனையிலும் பாவு நூல்களை முடிச்சிட்டு விட்டிருப்பார்கள். அந்த முடிச்சுகள்தான் கடைசி ஊடையைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று அவிழ்ந்தால் அன்றே திரும்ப முடிந்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஊடை ஒவ்வொன்றாக நழுவிப் பட்டையே கலையத் தொடங்கும்.

பெரிய ஜமக்காளத்தை வாஷிங்மெஷினில் போடக் கூடாது. நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் எடை ஆகிவிடும். மொட்டை மாடியில் விரித்துத் தண்ணீர் ஊற்றி, மிதமான சோப்பில், ஊடை ஓடும் திசையிலேயே மென்மையான பிரஷால் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் ஊடை கலைந்து இடைவெளி விழும். முறுக்கிப் பிழியாமல், சுருட்டி மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒற்றைக் கொடியில் போட்டால் எடை நடுவில் இழுத்துப் பட்டைகள் வில்லாக வளைந்துவிடும். இரண்டு மூன்று கொடிகளுக்கு மேல் பரப்பிப் போட வேண்டும், நிழலில். உள்ளே ஈரம் இருக்கும்போதே சுருட்டி வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சை வாடை வரும், அது எளிதில் போகாது.

பூக்கரை ஜமக்காளத்தைச் சுவரில் மாட்டும்போது பாவு மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், ஊடை கிடைமட்டமாக வர வேண்டும். எடையைத் தாங்கக்கூடியது முறுக்கேறிய பாவு நூல்தான். ஊடை நூல் தடிமனாக இருந்தாலும் முறுக்கு குறைவு. பக்கவாட்டில் மாட்டினால் கொஞ்ச நாளில் நடுப்பகுதி தொங்கும். மேல் விளிம்பில் ஆணியோ கிளிப்போ வேண்டாம். பின்பக்கம் நான்கு அங்குல அகலத்தில் பருத்தித் துணிக் குழாய் ஒன்றைக் கையால் தைத்து, அதற்குள் ஒரு அங்குல அலுமினியக் குழாயைச் செருகுங்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு மூன்று பாவு நூல்களைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், முன்பக்கம் தெரியக் கூடாது. இப்படிச் செய்தால் எடை விளிம்பு முழுக்கச் சமமாகப் பரவும். சுவருக்கும் துணிக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று போகட்டும்; ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம்.

அடுத்தது திரை. கணக்கு தப்பும் இடம் இதுதான், அதனால் ஒரு ஜன்னலை முழுசாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நான்கடிக்கு நான்கடி ஜன்னல். ராடு இரு பக்கமும் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும், ஆக 60 அங்குலம். பொதுவாகத் திரைக்கு ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி என்பார்கள். பெரிய கட்டத்துக்கு அது அதிகம். மடிப்புக்குள் கட்டம் மறைந்து, வெறும் கோடுகளாகத் தெரியும். ஒன்றரை மடங்கு போதும்: 90 அங்குலம். துணி அகலம் 48 அங்குலம் என்றால் இரண்டு பாதிகள், மொத்தம் 96. நெய்த விளிம்பை அப்படியே பக்க ஓரமாக விட்டுவிடலாம், மடித்துத் தைக்கத் தேவையில்லை. உயரத்துக்கு ராடு ஜன்னலுக்கு ஆறு அங்குலம் மேலே, திரை ஆறு அங்குலம் கீழே, ஆக 60. மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6. மொத்தம் 70. கைத்தறிப் பருத்தி முதல் துவைப்பில் ஏழெட்டு சதவீதம் சுருங்குவது சாதாரணம், எனவே துவைக்காத துணியாக 76 அங்குலம் வேண்டும். கட்டம் நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால் 76-இல் சரியாக 19 கட்டம். இரண்டு பாதிக்கும் 152 அங்குலம், அதாவது 3.86 மீட்டர். கட்டத்தின் அளவு 76-ஐ மீதமின்றி வகுக்கவில்லை என்றால் அடுத்த முழுக் கட்டம் வரை கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பாதிகளின் கட்டங்களும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும், பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டும் கோட்டை டேப் வைத்துப் போடாதீர்கள். ஒரு ஊடை நூலைப் பிடித்து மெல்ல உருவினால் துணியில் ஒரு மெல்லிய இடைவெளிக் கோடு விழும். அதன் மேலேயே கத்தரி ஓட்டுங்கள். கைத்தறியில் ஊடை சில இடங்களில் லேசாகச் சாய்ந்திருக்கும். அப்படி இருந்தால் ஈரத்தோடு இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்து நேராக்கிய பிறகு உலர்த்துங்கள். சதுரம் சதுரமாக நிற்காத கட்டத் திரை எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தையல் கோணல் போலத்தான் தெரியும்.

ராடு நுழைய திரையின் மேல் ஓரத்தில் பதிக்கும் ஐலெட் வளையம் பெரிய கட்டத்துக்கு எதிரி. வளையத்தின் இடைவெளியும் கட்டத்தின் இடைவெளியும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு மடிப்பிலும் வேறு வேறு நிறம் முன்னால் வரும். மேலே நாடா வைத்துப் பிடிமடிப்பாகத் தைத்து, ஒவ்வொரு மடிப்பும் கட்டத்தின் ஒரே நிறக் கோட்டில் விழும்படி செய்யச் சொல்லுங்கள். தையல்காரர் கொஞ்சம் அலுத்துக்கொள்வார். ஆனால் திரையை மாட்டியதும் அரக்கு நிறம் மட்டும் வரிசையாக முன்னால் நிற்கும், மஞ்சள் மடிப்புக்குள்ளே ஒளிந்து, காற்றில் அசையும்போது எட்டிப்பார்க்கும். நெய்த கட்டத்தால் மட்டுமே கிடைக்கும் அழகு அது, அதற்காக மெனக்கெடலாம்.

சேலையையே திரையாக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கண்டாங்கி ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். மேலே சொன்ன ஜன்னலுக்கு 152 போக 64 அங்குலம் மிஞ்சும். அதில் முந்தி வந்துவிடும், அதை மேசையின் நடுவே நீளமாக ஓடும் விரிப்பாக்கலாம். இப்படி வெட்டினால் கரைகள் திரையின் இரு பக்கமும் நெடுக்காக நிற்கும். கண்டாங்கிக்கு அகலமான கரைதான் உயிர். நெடுக்காக நிற்கும்போது அது கதவுச் சட்டம் போல ஜன்னலுக்கு ஓர் எல்லை தரும். கரை கீழே வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் சேலையைக் குறுக்காகத் தொங்கவிட வேண்டும், அப்போது உயரம் 48 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். மேல் மடிப்பும் சுருக்கமும் போக மூன்றரை அடிக்குக் குறைவான ஜன்னலுக்கு மட்டும்தான் ஆகும். பால்கனிக் கதவுக்கு ஒரு சேலை போதாது. தரை வரைக்கும் ஒரு பாதிக்கே 108 அங்குலம் போய்விடும், சேலையில் இரண்டு பாதி வெட்டினால் ஒன்றில் முந்தி வரும், மற்றொன்றில் வராது. ஒன்று இரண்டு சேலைகளை எடுத்து இரண்டிலும் முந்தியைக் கீழே விடுங்கள், அல்லது முந்தியில்லாத கட்டத் துணியாக மீட்டர் கணக்கில் வாங்குங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னலில் உள்துணி இல்லாமல் எந்தச் சாயத் துணியும் தாங்காது. முதலில் மடிப்பின் முன்விளிம்பு மட்டும் வெளிறும், பிறகு திரையை விரித்தால் வரி வரியாகத் தெரியும். வெள்ளை கேஸ்மென்ட் துணியை (வெற்றுப் பருத்தித் துணி) உள்துணியாகப் பின்னால் கொடுங்கள். மேலேயும் பக்கத்திலும் மட்டும் சேர்த்துத் தைத்துவிட்டு, கீழ் ஓரத்தில் இரண்டையும் தனித்தனியாக மடிக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. கீழே சேர்த்துத் தைத்தால் இரண்டாவது துவைப்பில் திரை உப்பிக்கொண்டு நிற்கும்.

சாயம் போகுமா என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் ஒவ்வொரு நிறத்திலும் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். லேசாக நிறம் வந்தால், தனியாகக் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை அலசினால் சரியாகும். அழுத்தமாக வந்தால் வெள்ளைச் சுவரை ஒட்டியும், வெள்ளை மெத்தை மேலும் அந்தத் துணியைப் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் யோசனை. சாயம் ஏற்றும் தொட்டியில்தான் உப்புக்கு வேலை. நெய்து முடித்த துணியில் ஒட்டாமல் கிடக்கும் சாயத்தை உப்பு நிரந்தரமாகப் பிடித்து வைக்காது, அலசி வெளியேற்றுவதுதான் வழி. 1960-களில் மெட்ராஸ் கட்டம் அமெரிக்காவில் பெயர் வாங்கியபோது, ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கசிந்து மென்மையாவதையே சிறப்பாகச் சொல்லி, கட்டாயம் சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். சட்டைக்கு அது அழகு. கிரீம் நிற சோபாவுக்கு ஆகாது.

மெத்தை உறைகளுக்கு வருவோம். 16 அங்குலச் சதுர உறை ஒன்றுக்கு முன்துண்டு 17-க்கு 17. பின்பக்கம் ஜிப் வேண்டாம், கட்டத்தை ஜிப் இழுத்துக் கோணலாக்கும். 17-க்கு 11½ அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஓரத்தை ஒரு அங்குலம் மடித்துத் தைத்து, ஒன்றன் மேல் ஒன்று நான்கு அங்குலம் ஏறும்படி வைத்தால் உறை தானாக மூடிக்கொள்ளும். 48 அங்குல அகலத் துணியில் இந்த மூன்று துண்டும் ஒரே வரிசையில் அடங்கும். கட்டம் பொருத்த இடம்விட்டு ஒரு உறைக்கு 20 அங்குல நீளம் வைத்துக்கொண்டால் ஐந்து உறைக்கு இரண்டரை மீட்டர். கட்டத்தின் நடு, உறையின் நடுவில் வர வேண்டும். வெட்டும் முன் துணியை நான்காக மடித்துப் பார்த்துக் குறியுங்கள். உள்ளே 18 அங்குல ஃபில்லர் போட்டால்தான் மூலை வரை நிறைந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கட்டம் போட்டுவிட்டால் அறையில் கண்ணுக்கு ஓய்வு இருக்காது. ஒரு அறைக்கு ஒரு பெரிய வடிவம் போதும். தரையில் ஜமக்காளப் பட்டை பேசுகிறது என்றால் திரை வெற்றுத் துணியாகவோ மெல்லிய கம்பி ஓடியதாகவோ இருக்கட்டும், மெத்தை உறை கொட்டடி போன்ற பொடிக் கட்டமாக இருக்கலாம். திரையில் நான்கு அங்குலக் கண்டாங்கிக் கட்டம் என்றால் தரைக்கு ஒற்றை நிறம். அளவுகள் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு மடங்கு வேறுபட வேண்டும். இரண்டு அங்குலக் கட்டமும் மூன்று அங்குலக் கட்டமும் பக்கத்தில் இருந்தால், பொருத்த நினைத்துத் தவறவிட்டது போல் இருக்கும். எல்லாத் துணியிலும் ஒரு நிறம் பொதுவாக இருந்தால் போதும். கண்டாங்கி வீட்டுக்கு அது அரக்காகவோ கடுகு மஞ்சளாகவோ அமைவது இயல்பு.

சுவர் வண்ணத்தையும் விளக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீலம் கலந்த பளீர் வெள்ளைச் சுவரில் அரக்கு செத்துப்போகும். மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை எடுங்கள். நம் வீடுகளில் பரவலாக உள்ள 6500 கெல்வின் வெள்ளை எல்இடி விளக்கில் அரக்கு கறுப்பாகவும் கடுகு மஞ்சள் பச்சையாகவும் தெரியும். 3000 கெல்வின் விளக்கு, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 90 அல்லது அதற்கு மேல் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் துணிக்குச் செலவு செய்துவிட்டு விளக்கில் சிக்கனம் பிடிப்பதால் கெட்டுப்போகும் அறைகள் ஏராளம்.

பழைய பட்டுச் சேலையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், இதில் மட்டும் செய்த தவறைத் திருத்த முடியாது. முதலில் துணியின் உயிரைச் சோதியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புத் தடங்களைப் பாருங்கள். அங்கே கோடு கோடாக ஒளி தெரிந்தால் பட்டு இற்றுவிட்டது. இற்ற சேலையைத் தைக்கவே கூடாது, ஊசித்துளையிலிருந்தே கிழிசல் ஓடும். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். நல்ல நிலையில், யாராவது கட்டக்கூடியதாக இருக்கும் சேலையை வெட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முந்தி தெரியும்படி மடித்து, மழமழப்பான தடித்த மரக்கழியின் மேல் போட்டுவைத்தாலே அறை நிறைந்துவிடும், ஒரு தையல்கூட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு விழும் இடத்தை மாற்றினால் போதும்.

வெட்டியே ஆக வேண்டிய சேலை என்றால் கோர்வையை, அதாவது உடலும் கரையும் இணையும் இடத்தை, கவனியுங்கள். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் (ஊடை நூலைக் கொண்டு செல்லும் தறிக் கருவி) நெய்து, இரண்டு ஊடைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். இரண்டு நிறத்துக்கும் நடுவில் கோபுரப் பல் போல வரும் தாழம்பூ ரேக்கு அந்த இணைப்பை ஒட்டித்தான் ஓடும். கரையை மட்டும் தனியே எடுக்க நினைத்து இணைப்புக் கோட்டிலேயே கத்தரி வைத்தால் கோர்வை கழன்று கரை பிரிந்துவிடும். உடல் துணியில் ஒரு அங்குலமாவது சேர்த்து வெட்டி, அதைப் பின்னால் மடித்துவிடுங்கள். ருத்ராட்சமோ மயில் கண்ணோ உள்ள நாலு அங்குலக் கரை ஒன்று, பின்னால் பருத்தித் துணி கொடுத்துக் கையால் தைத்தால், வெற்றுப் பருத்திப் படுக்கை விரிப்பின் கால்மாட்டில் நெடுக ஓட விடலாம். அதற்கு மேல் அந்த அறைக்கு வேறு வடிவம் தேவைப்படாது.

சட்டம் போடும்போது பசை, இரட்டைப் பக்க டேப் இரண்டும் கூடாது. அமிலமில்லாத அட்டையின் மேல் துவைத்த பருத்தித் துணியை இழுத்துப் பொதித்து, அதன் மேல் பட்டுத் துணியை நான்கு ஓரத்திலும் மெல்லிய பட்டு நூலால் தொடுத்துப் பிடிக்க வேண்டும். கண்ணாடி பட்டில் படக் கூடாது. நடுவில் அரை அங்குலமாவது இடைவெளி தரும் சட்டம் கேளுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் பட்டில் இறங்கி வட்ட வட்டமாகக் கறையாகும். வெயில் நேராகப் படும் சுவர் வேண்டவே வேண்டாம், பருத்தியைவிடப் பட்டு வெயிலில் விரைவாக நைந்துபோகும். பூஜை அறைச் சுவரும் வேண்டாம், கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஜரிகையில் படியும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். காற்றிலுள்ள கந்தகம் படிந்து வெள்ளி கறுப்பது இயற்கை. கறுத்த ஜரிகையை எலுமிச்சையாலோ பற்பசையாலோ தேய்த்தால் முலாம் போய்விடும், அடுத்து பட்டும் போகும். கறுத்தபடியே விட்டுவிடுங்கள், பழைய ஜரிகைக்கு அந்த மங்கலும் பொருந்தும். அந்துருண்டையை ஜரிகையில் படும்படி வைக்காதீர்கள்.

பருத்தித் துணிகளுக்குப் பூச்சி வருவது பெரும்பாலும் கஞ்சியால்தான். புதுத் துணியில் உள்ள கஞ்சியை முழுக்க அலசி எடுத்துவிட்டால் வெள்ளிப்பூச்சி வருவது வெகுவாகக் குறையும். திரைக்கு விறைப்பு வேண்டுமென்று திரும்பக் கஞ்சி போடுவதும் தேவையற்ற வேலை, விறைப்பான துணி மடிப்பில் சீக்கிரம் வெட்டுப்படும்.

பத்தமடைப் பாயையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். கோரையை ஊடையாக வைத்து நெய்த அந்தப் பாய், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தட்டையாகப் பொருத்த ஏற்றது. மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்தால் கோரை முறிந்து, அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும்.

கடைசியாக வாங்கும் முறை. கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலோ எடுக்கும்போது, ஒரு அறைக்குத் தேவையான முழுத் துணியையும் ஒரே நேரத்தில், ஒரே பாவில் நெய்ததாகக் கேளுங்கள். கைத்தறியில் அடுத்த பாவுக்குச் சாயம் போடும்போது நிறம் ஒரு சாயல் மாறும், ஆறு மாதம் கழித்துப் போய் அதே நிற எண்ணைச் சொன்னாலும் அதே நிறம் வராது. கணக்குக்கு மேல் ஒரு மீட்டர் கூடுதலாக எடுங்கள். அந்த ஒரு மீட்டரைப் பீரோவில் புதிதாக வைத்திருக்காமல், திரையைத் துவைக்கும் போதெல்லாம் சேர்த்துத் துவையுங்கள். பின்னால் எங்காவது கிழிந்து ஒட்டுப்போட நேர்ந்தால், திரை அளவுக்கே சுருங்கிப் போயிருக்கும், நிறமும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.